உடன் செல்பவர்

கார்கோ அலுவலகத்து அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "உடன் போறவர் இறந்தவருக்கு என்ன உறவு?" என்று கேட்டபோது வெல்டர் கையிலிருந்த காகிதக் கட்டைப் புரட்டினான். ஒன்பது நாளாக ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், தூதரகம், பிணவறை என்று அலைந்ததில் செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. எங்கேயும் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் காகிதம்தான். இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, மூலையை வெட்டி ரத்து செய்த பாஸ்போர்ட்.

"ஒரே ரூம்ல இருந்தோம்மா."

"ரூமுன்னு ஒரு உறவு இதுல இல்லையே." அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கும் களைப்பு. "இன்னார்கிட்ட ஒப்படைங்கன்னு வீட்லேர்ந்து ஒரு லெட்டர் வரணும். நாலு மணி பிளேனை விட்டா அடுத்தது வியாழக்கிழமைதான்."

இறந்தவனைப் பட்டறையில் எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கத்திலேயே நெஞ்சடைத்துப் போனான். எதிர்க்கட்டிலில் படுத்திருந்த வெல்டருக்கே விடிந்துதான் தெரிந்தது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே கை நீட்டினால் எட்டும் தூரம். அந்தத் தூரத்தில் எட்டு மாதமாக ஒரு வார்த்தை போனதில்லை. மீசையின் மகள் பத்தாம் வகுப்பில் தோற்ற சேதி வந்த அன்று, பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், "அப்பன் மூளை அப்படியே வந்திருக்கு" என்று வெல்டர் சொல்லிவிட்டான். வாய்த்துடுக்கு, வேறொன்றுமில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கவளத்துக்குப் போனார்கள். மீசை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான். ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில், பேசாமலிருப்பதே இருவருக்கும் பழகிப்போயிற்று.

வெல்டர் ஊருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் மீசையின் மனைவி, "இதோ, பாப்பாவை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேண்ணே" என்றாள்.

கால் மணியில் படம் வந்தது. அம்மாள் அதை அச்செடுத்து வாய்விட்டுப் படித்தாள். "என் கணவரின் உடலை அவருடைய அண்ணனிடம் ஒப்படைக்கவும். அங்கே எங்களுக்கு அவரை விட்டால் யாரும் இல்லை." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். என்னவோ கேட்க வந்தவள், கேட்காமல், கட்டத்தில் 'அண்ணன்' என்று நிரப்பினாள். "எழுத்து முத்து முத்தா இருக்கே. யாரு எழுதினது?"

"அவரு பொண்ணும்மா."

"நல்லா படிக்கிற பொண்ணு போல."

வெல்டர் தலையாட்டினான்.

பெட்டியை எடைமேடையில் ஏற்றினார்கள். நூற்று முப்பத்தெட்டு கிலோ. உயிரோடிருந்தபோது அறுபதைத் தாண்டாத ஆள். பலகையும் தகரமும் சேர்ந்து அவனை இப்படிக் கனக்க வைத்திருந்தன. அம்பு போட்ட ஒரு தாளில் 'தலைப்பக்கம்' என்று எழுதி ஒட்டிக்கொண்டிருந்தபோது மறுபடியும் போன் அடித்தது.

"லெட்டர் சரியா இருக்காண்ணே?"

"இருக்கும்மா. சாயங்காலம் கிளம்பிடுவோம்."

"வாரா வாரம் உங்க பேச்சுதாண்ணே அவருக்கு. நான் ஏதாவது சத்தம் போட்டா, மெதுவா பேசு, அண்ணன் தூங்கறாருன்னுவாரு. போறதுக்கு ரெண்டு நாள் முன்னகூட." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கடைசியா உங்ககிட்ட என்னண்ணே சொன்னாரு?"

வெல்டர் சுவரில் சாய்ந்துகொண்டான். கடைசியாக மீசை எழுந்துபோய் விளக்கை அணைத்தான், அவ்வளவுதான். இவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"லைட்டை அணைக்கட்டுமான்னு கேட்டாரும்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிப்பான்னேன்."

அந்தப் பக்கம் அவள் அதைப் பாப்பாவிடம் திருப்பிச் சொன்னாள். பிறகு, "சரிண்ணே, பத்திரமா வாங்க" என்றாள்.

விமானத்தில் அவனுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. கீழே வெயிலில், வண்டியொன்றில், சூட்கேஸ்களுக்கும் மடக்கிய சக்கர நாற்காலிக்கும் பக்கத்தில், கோணி சுற்றிய அந்த நீளப் பெட்டி இருந்தது. ஏற்றும் எந்திரம் இன்னும் வரவில்லை. மஞ்சள் சட்டை போட்ட சுமையாள் ஒருவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் பெட்டியின் ஓரத்தில் மெல்லச் சாய்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டார். கண்ணாடியைத் தட்டுவதற்குத் தூக்கிய விரலை வெல்டர் அப்படியே நிறுத்தினான். சுமையாளின் இன்னொரு கை, பழகியவன் தோளில் கிடப்பதைப் போல, கோணியின் மேல் கிடந்தது.