முதல் ஆள் இல்லாத வரிசை

அந்தக் கல்லூரியில் தடுப்பூசிக்கு நின்ற வரிசை இரண்டாவது ஆளிலிருந்துதான் தொடங்கியது. முதல் இடம் மூன்று வருடமாகக் காலியாகவே கிடந்தது. யாரும் போய் நிற்கப் பார்க்காமல் இல்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தால் காலியிடமும் ஒரு எட்டு முன்னால் போய்விடும், அவ்வளவுதான். நர்ஸம்மா மேசையைக் கிட்டே இழுத்துப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் காலையில் அது பழையபடி தள்ளி நின்றது. அலுத்துப்போய், காலையில் ஐஸ் பெட்டியைத் தூக்கி வருவதும் சாயங்காலம் அப்படியே தூக்கிப் போவதுமாக இருந்தாள்.

எல்லாம் டாக்டர் வந்து பேசிய அன்று ஆரம்பித்த வினை. எச்.பி.வி. என்று ஒரு கிருமி உண்டு, பெரும்பாலும் தானாகவே போய்விடும், போகாமல் தங்கிவிட்டால் பல வருடம் கழித்துக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோயாக முளைக்கலாம், இந்த வயதிலேயே ஊசி போட்டுக்கொண்டால் பெருமளவு தப்பிக்கலாம் என்றார். அதுவரை அந்தப் பெயரைக் கேட்டவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் அதை ஏதோ பேங்க் என்று நினைத்திருந்தார்கள். பெரும்பாலும் உடலுறவில்தான் தொற்றும் என்று அவர் சொன்னதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் தன் செருப்பைப் பார்த்தது. யாரெல்லாம் போட்டுக்கறீங்க என்று கேட்டபோது எல்லாக் கையும் உயர்ந்தது. முதல்ல யாரு என்றதும் எல்லாக் கையும் இறங்கிவிட்டது. முதலில் போகிறவளுக்கு என்ன அப்படி ஒரு அவசரம் என்று கண் காது மூக்கு வைத்துப் பேசுவார்களே! அந்த நொடியில்தான் இடம் காலியானது.

பையன்கள் வராந்தாவில் நின்று இளித்தார்கள். “ஏன், உங்ககிட்ட வரமாட்டேன்னு கிருமி எழுதிக் குடுத்திருக்கா?” என்று கேட்ட நர்ஸம்மா, ஆண்களுக்குத் தொண்டையில் தொடங்கி எங்கெங்கே வரும் என்று விலாவாரியாகச் சொன்னாள். ஒருத்தன் முகத்திலும் ஈயாடவில்லை. மறுநாள் அவர்களும் ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி வரிசையின் வாலில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். வரிசை மாடிப்படி இறங்கி, கேன்டீனைச் சுற்றி, சைக்கிள் கொட்டகை வரை போயிற்று. அதில் நின்றபடியே தேர்வு எழுதினார்கள், காதலித்தார்கள், பிரிந்தார்கள். பிரிந்தவர்களும் இடத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவதாக நின்றவளுக்கு ரெண்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் இது விளையாட்டில்லை. அவளைத் தூக்கி வளர்த்த சித்தி, அவள் பள்ளிக்கூடம் போகும்போது இந்த நோயில்தான் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் அதை வயித்து வலி என்றே சொல்லி வந்தார்கள். ரெண்டுவுக்குப் படிப்பு முடியும் நாளன்று பெட்டியிலிருந்த மருந்தும் காலாவதி, முகாமும் மூடல் என்று உத்தரவு வந்துவிட்டது.

அன்று பார்த்து அவள் அம்மா வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். “வாடி வீட்டுக்கு. கல்யாணம் ஆகாத பொண்ணு இந்த வரிசையில நின்னா எவன்டி கட்டிக்குவான்?”

“சித்தி எதுலம்மா செத்தாங்க?”

“மெதுவா பேசு. வயித்து வலி.”

“கர்ப்பப்பை வாயில கேன்சர்!” சைக்கிள் கொட்டகை வரை கேட்டது. “வெளிய சொல்ல வெட்கப்பட்டு, வெட்கப்பட்டே செத்தாங்க!”

முதல் இடத்தில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி கவுன், தோளில் துண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு.

“வயித்து வலின்னா சொன்ன?” என்று அக்காவைக் கேட்டாள். “அப்படின்னா ஒரு மாத்திரையில போயிருக்குமே, அக்கா.” பிறகு உற்றுப் பார்த்து, “உனக்கு எப்படி நரைச்சுப்போச்சு!” என்றாள். அம்மா மகள் கையை விட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள்.

நர்ஸம்மா வயது கேட்டாள். செத்தபோது முப்பத்தாறு என்றாள் சித்தி.

“இனிமே உங்களுக்குப் பிரயோஜனம் இல்லையேம்மா.”

“எனக்கு எதுக்கு? இதுங்களுக்கு முன்னாடி ஒருத்தி போகணும், அவ்வளவுதானே. என்னைப் பத்தி எவ என்ன பேசினா எனக்கென்ன?”

நர்ஸம்மா பஞ்சால் துடைத்து ஊசியைப் போட்டாள். சித்தி “ஸ்ஸ்” என்று கையை உதறிக்கொண்டே நகர்ந்தாள். ரெண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தாள். தரை இருந்த இடத்திலேயே இருந்தது. பொழுது சாய்வதற்குள் பெட்டி காலி. முகாமை மூடும் உத்தரவை அதற்குப்பிறகு யாரும் கண்ணால் காணவில்லை.

அடுத்த இரண்டு தவணைக்கும் சித்தி மறக்காமல் வந்தாள். உயிரோடு இருக்கிறவர்களைத்தான் போன் போட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் முகாமின் முதல் நாள் வருகிறாள். நர்ஸம்மா ஒரு ஊசி கூடுதலாகக் கேட்டு வாங்குகிறாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், “கொஞ்சம் நகருங்கம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு” என்பதோடு சரி. ஊசி போட்டபின் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்காகவே ரெண்டுவின் அம்மா இன்னொரு செருப்பையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறாள். அக்காவும் தங்கையும் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.