இடஞ்சுழி அணி

பந்து என்ற பொருள் கண்டுபிடிக்கப்படாமல் போயிருந்தால் மனித இனம் இந்நேரம் முந்நூறு ஆண்டுகளாவது கூடுதலாக முன்னேறியிருக்கும் என்பது கணக்கு சாரின் முடிந்த முடிவு. இதை அவர் வேடிக்கையாகச் சொல்வதில்லை. ஆசிரியர் அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு தேற்றத்தை நிறுவி முடித்துக் கீழே கோடு இழுக்கிறவரின் முகத்தோடு சொல்வார்.

எதிர் நாற்காலியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பி.டி. மிஸ் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்போ கோளத்தோட கன அளவுக்கு என்னத்தக் காட்டிப் பாடம் நடத்துவீங்க?"

"ஆரஞ்சுப் பழம்."

"அதையும் பசங்க தூக்கிப் போட்டுப் பிடிப்பாங்க."

"உரிச்சுட்டுக் காட்டுவேன்."

மற்ற ஆசிரியர்கள் யாரும் நடுவில் புகவில்லை. அந்த இரண்டு டப்பாக்களிலும் இருந்தது ஒரே சாப்பாடு. காலையில் ஒரே அடுப்படியில் கட்டியது. கணவன் மனைவி விவகாரத்தில் தலையைக் கொடுத்துவிட்டு மத்தியானம் முழுக்க முழிக்க யாருக்கும் தெம்பில்லை.

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்துகொண்டிருந்தது. கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருக்கிற கட்டம் மற்ற பாடக்காரர்கள் கண்ணுக்குக் காலி மனையாகத்தான் தெரியும். முதலில் வேலி போடுகிறவருக்குச் சொந்தம். இளகிய மனசுக்காரர்கள், "போர்ஷன் முடியல மிஸ், ஒரு பீரியட் தர்றீங்களா?" என்று கேட்டு வாங்குவார்கள். கணக்கு சார் கேட்கிற ரகம் இல்லை. சாக்பீஸோடு உள்ளே வந்துவிடுவார். அவர் வகுப்பாசிரியராக இருந்த பத்து-சி, பள்ளி திறந்ததிலிருந்து ஒரு பி.டி. பீரியடுக்குக்கூட மைதானத்தை மிதித்ததில்லை. அந்த மணி அடித்தால் மற்ற வகுப்புகளில் ஷூ கயிற்றை இறுக்குவார்கள். பத்து-சியில் காம்பஸ் பெட்டியைத் திறப்பார்கள்.

பி.டி. மிஸ் வேறு மாதிரி. வகுப்புகளுக்கு இடையிலான போட்டி நெருங்கிவிட்டால், கழுத்தில் விசிலும் இடுப்பில் சாவிக்கொத்துமாக ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் போய் நின்று, பயிற்சிக்கு ஒரு பீரியட் கொடுங்கள் என்று கேட்பாள். அவளுடைய பீரியடைப் பிடுங்கியவர்களிடமே கேட்பாள். இது கணக்கு சாருக்குத் தாங்காது.

"வாசல் வாசலா நின்னு கேக்குறதுக்கு வெக்கமா இல்லையா உனக்கு? ஒரு பாட்டு பாடாததுதான் குறை. நானா இருந்தா அந்த விசிலை முழுங்கிட்டு வீட்டுல உக்காந்திருப்பேன்."

"முழுங்குங்க. நீங்க வாயத் தொறக்கும்போதெல்லாம் சத்தம் வரும். நாங்களும் உஷாரா இருப்போம்."

அந்த வருடம் விஷயம் வேடிக்கையைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் மாலை வீட்டுக் கூடத்தில் வாலிபால் வலையை விரித்துக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். வலையின் ஒரு முனை ஜன்னல் கம்பியில். மறுமுனை கணக்கு சாரின் கால் கட்டைவிரலில். அவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்ததால் கால் சும்மாதான் இருந்தது.

"ஹெச்.எம். மேடம் இன்னிக்குச் சொல்லிட்டாங்க," என்றாள். "வாலிபால்ல பத்தாம் கிளாஸ் எல்லாப் பிரிவும், தோத்தாலும் ஜெயிச்சாலும், கடைசி மேட்ச் வரைக்கும் ஆடணுமாம். ஒரு பிரிவு வராமப் போனாலும் அடுத்த பருவத்துலருந்து பத்தாம் கிளாஸுக்கு பி.டி.யே கிடையாது. அந்தப் பீரியட் கணக்குக்குப் போயிடும்."

கட்டைவிரல் லேசாக ஆடியது.

"ஆட்டாதீங்க, முடிச்சு விழுது."

"எங்க பத்து-சி ஆடுறத நான் தடுக்கலையே."

"தடுக்கல. பந்துன்னா எப்படி இருக்கும்னுதான் காட்டல."

அவர் நாளிதழைப் புரட்டினார். சும்மா இருந்தாலே ஜெயிக்கிற ஆட்டத்தை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். விளையாட்டில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று தோன்றியது.

முதல் மேட்ச் திங்கட்கிழமை, பத்து-ஏ அணியோடு. பத்து-சிக்குக் கேப்டன் முடிவிலி. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் கேட்பதில் முடிவே கிடையாது என்பதால் கணக்கு சாரே வைத்த பெயர். அவளையும் சேர்த்து ஆறு பேர், சட்டையை உள்ளே விட்டு, தலையை வாரி, பரீட்சைக்கு வந்தவர்கள் போல மைதானத்தில் நின்றார்கள். கணக்கு சார் ஓரத்தில் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்தினார். நடுவர் பி.டி. மிஸ்.

பத்து-சியின் ஆட்டத்தில் ஒழுக்கம் இருந்தது. பந்து வந்தால் ஆறு பேரும் அது விழப்போகும் இடத்தைச் சரியாகக் கணித்தார்கள். கணித்துவிட்டு விலகி வழிவிட்டார்கள். பந்தும் சொன்ன இடத்தில் விழுந்தது.

ஒரு கட்டத்தில் பத்து-ஏ போட்ட சர்வீஸ் வலையில் மாட்டிக்கொண்டது. சர்வீஸ் பத்து-சிக்கு வந்தது. இப்படி வந்தால் அணியில் எல்லோரும் ஒரு இடம் சுற்றி நிற்க வேண்டும். இதை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆறு பேரும் அணிவகுப்பு மாதிரி அழகாகச் சுற்றினார்கள். முடிவிலி பந்தைத் தூக்கி அடித்ததும் விசில் ஒலித்தது.

"தப்பாச் சுத்திட்டீங்க. பாயின்ட் ஏ-வுக்கு."

"மிஸ், நாங்க இடஞ்சுழியாத்தான் சுத்துனோம்."

"அதாம்மா தப்பு. கடிகார முள்ளு போற பக்கம் சுத்தணும்."

"எந்தப் பக்கம்னு சொல்லலைன்னா முள்ளுக்கு எதிர்ப்பக்கம்னுதான் எடுத்துக்கணும், மிஸ். கோணமெல்லாம் அப்படித்தான் அளக்குறோம். எங்க சார் சொல்லிருக்காரு. எங்க சார் தப்பாச் சொல்ல மாட்டாரு."

மைதானம் மொத்தமும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. கணக்கு சார் சிவப்புப் பேனாவின் மூடியைத் தேடினார். அது பேனாவிலேயே இருந்தது.

"கணக்கு சார் டீம் மைனஸ்ல போகுதுடா," என்றான் பத்து-ஏ பையன் ஒருவன்.

"முள்ளு போற பக்கம்தான் மைனஸ்," என்றாள் முடிவிலி. "நீங்கதான் இவ்வளவு நேரமா மைனஸ்ல சுத்திக்கிட்டிருக்கீங்க."

வாதத்தில் குறையில்லை. பாயின்ட் மட்டும் பத்து-ஏவுக்கே போனது. அதற்குப் பிறகு சர்வீஸ் கிடைக்கும்போதெல்லாம் மூன்று பேர் மிஸ் சொன்ன பக்கமும் மூன்று பேர் சார் சொன்ன பக்கமும் சுற்றி நடுவில் முட்டிக்கொண்டார்கள். சுற்றி நின்ற வகுப்புகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. ஒரே ஒருமுறை, வலையோரம் செத்து விழப் போன பந்தை முடிவிலி பாய்ந்து மணிக்கட்டில் ஏந்தி மேலே அனுப்பினாள். அது எதிர்ப்பக்கக் காலி இடத்தில் போய் விழுந்தது. எப்படிச் செய்தோம் என்று புரியாமல் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்பதற்குச் சந்தேகமே இல்லாத அவள் முகத்தைக் கணக்கு சார் அன்றுதான் பார்த்தார். பார்த்தபோது தான் எழுந்து நிற்பதையும், விடைத்தாள்கள் காலடியில் சிதறிக் கிடப்பதையும் கவனித்தார்.

"கால் மரத்துப் போச்சு," என்று பக்கத்திலிருந்த தமிழாசிரியரிடம் விளக்கினார். அவர் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

தோற்ற கையோடு ஆறு பேரும் அவரிடம் வந்தார்கள்.

"சார், புதன்கிழமை மேட்சுக்கு நாங்க வரல," என்றாள் முடிவிலி.

அடுத்த பருவத்தின் பி.டி. பீரியட் பொட்டலம் கட்டி அவர் கையில் வந்து விழுந்த நேரம் அது. "நல்லது, போய்க் கணக்கைப் பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஏன்?" என்றார்.

"எல்லாரும் சிரிக்கிறாங்க சார்."

"தோத்தா சிரிக்கத்தான் செய்வாங்க."

"எங்களப் பாத்துச் சிரிச்சாப் பரவால்ல. உங்களச் சொல்லிச் சிரிக்கிறாங்க. ஒரே ஒரு நாள் தொட்டுப் பழகியிருந்தாக்கூட..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவள் பாதியில் நிறுத்திய முதல் வாக்கியம் அது. கணக்கு சாருக்கு அது சுருக்கென்று தைத்தது.

"நாளைக்குச் சொல்றேன், போங்க," என்றார்.

அன்று மாலை வீட்டில் அவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தார். பி.டி. மிஸ் கழுவி வாங்கினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் பதில் தயாராக இருந்தது. அவள் திட்டவில்லை.

"எனக்குப் பொறாமையா இருக்குங்க," என்றாள்.

"எதுக்கு?"

"எத்தனை வருஷமாத் தொண்டை கிழியக் கத்துறேன். நான் சொன்ன பக்கம் ஒண்ணுகூட ஒழுங்காத் திரும்பினதில்ல. நீங்க ஒரு தடவ சொன்னீங்க. ஆறும் சேந்து, அட்சரம் பிசகாம, தப்பாச் சுத்துதுங்க."

அவர் ஏற்கெனவே தேய்த்த டம்ளரை மறுபடியும் தேய்த்தார்.

"அதுங்க புதன்கிழமை வராதுங்க போல," என்றார் மெதுவாக.

"தெரியும். நாளைக்கு ஒரு பீரியட் கிடைச்சாத் திசையையாவது மாத்திடுவேன். பந்துக்கும் பயப்பட மாட்டாங்க. அப்புறம் கூப்பிட்டா வருவாங்க."

"நாளைக்கு எனக்குப் பத்து-சியில கிளாஸே இல்லையே."

"அறிவியல் டீச்சருக்கு இருக்கு. காலையில போய்க் கேக்கணும்."

"அவங்க தர மாட்டாங்க. போன வாரம்தான் அவங்க பீரியட்லயும் நான் புகுந்து..."

"அதுவும் தெரியும்."

"வாசல்லயே நிக்க வெப்பாங்க."

"நின்னு பழக்கம்தான்," என்று சொல்லிவிட்டு டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். "விடுங்க, தேஞ்சுடப் போகுது."

மறுநாள் காலை அறிவியல் டீச்சர் பத்து-சியில் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் கணக்கு சார். கையில் சாக்பீஸ் இல்லை. படியைத் தாண்டி உள்ளேயும் வரவில்லை.

"என்ன சார், இன்னும் போர்ஷன் முடியலையா?"

"முடிஞ்சிடுச்சு."

"அப்புறம்?"

வகுப்பு மொத்தமும் காம்பஸ் பெட்டியைத் திறந்தது. முடிவிலி மட்டும் திறக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு சார் தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், ஒரு பீரியட் வேணும். வாலிபாலுக்கு."

"சரியாக் கேக்கல சார்."

நன்றாகவே கேட்டிருந்தது. கணக்கு சாருக்கும் அது தெரியும்.

"வாலிபாலுக்கு டீச்சர். ஒரே ஒரு பீரியட். குடுத்தா உதவியா இருக்கும்."

"அடுத்த வாரம் உங்களது ஒண்ணு எனக்கு வேணுமே."

"ரெண்டா எடுத்துக்குங்க."

பின்னால் தாழ்வாரத்தில் சாவிக்கொத்து குலுங்கி வரும் சத்தம் கேட்டது. சில அடி தள்ளி அது நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, பந்துகள் வைத்திருக்கும் மாடிப்படி அறையைப் பார்த்துப் போனது. கணக்கு சார் திரும்பிப் பார்க்கவில்லை. காதின் பின்புறம் சூடாக, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு வெளியே போவதற்கு வழிவிட்டு, வாசலோரமாக ஒதுங்கி நின்றார்.