இரண்டு கழிப்பறைகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம்

நிதிக்கூட்டம் முடிந்த மறுநாள் காலை, நடுநிலைப்பள்ளி ஒரு மைல் மேற்கே நகர்ந்து நின்றது. சுவரில் கீறல்கூட இல்லை. கரும்பலகையில் பாதி போட்ட கணக்கு அப்படியே இருந்தது. முந்தின நாள்வரை அது கிழக்குக் கல்வி வாரியத்தின் பள்ளி. பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட அந்த வாரியம் அப்போதுதான் பணம் ஒதுக்கியிருந்தது. ஒப்பந்தக்காரர் வந்தார். வரைபடத்தில் பள்ளி இருந்த இடத்தில், அதாவது வெட்டவெளியில், கழிப்பறையைக் கட்டிப் பூட்டிவிட்டுப் போனார். வரைபடத்தை மீறிக் கட்ட அவருக்கென்ன தலையெழுத்தா?

பள்ளி இப்போது மேற்கு வாரியத்தின் எல்லைக்குள். தலைமையாசிரியை அங்கே மூன்று ஆண்டுகள் நடையாய் நடந்தார். அதற்குள் பெரிய பெண்கள் ஒவ்வொருத்தியாகப் படிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக மேற்கு வாரியமும் பணம் ஒதுக்கிக் கழிப்பறை கட்டத் தொடங்கியது. உடனே பள்ளி அரை மைல் திரும்பி வந்து, இரண்டு வாரியங்களின் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"உங்களுக்குத்தான் ரெண்டு கழிப்பறை இருக்கே மேடம், பதிவேட்டுலயே இருக்கு. மூணாவது எதுக்கு?" என்றார் மேற்கு வாரிய எழுத்தர்.

"ரெண்டும் அரை மைல் தள்ளியில்ல சார் இருக்கு!"

"அதை உங்க பள்ளிக்கூடத்துக்கிட்டதான் கேக்கணும்."

அன்று மாலை, தலைமையாசிரியையிடம் ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய அக்கா மகள் வந்து நின்றாள். "சித்தி, நாளைலேருந்து நான் வரல. நாளெல்லாம் தண்ணி குடிக்காம உக்காந்திருக்க முடியல."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வாரியங்களுக்கும் ஒரே வாசகத்தை எழுதினார்: 'எங்களுக்குக் கழிப்பறை வேண்டாம். உங்கள் பணமும் வேண்டாம்.' வயிற்றெரிச்சலில் எழுதியதுதான். கிழக்கு வாரியம் முந்திக்கொண்டு, பள்ளிக்கு இனி எந்த நிதியும் கிடையாது என்று அவசரக் கூட்டம் போட்டு ஒருமனதாகத் தீர்மானித்தது. மறுநாள் காலை பள்ளி கிழக்குக் கழிப்பறையை ஒட்டி நின்றது.

சாவி வாரியத் தலைவரிடம் இருந்தது. திறப்பு விழாவுக்கு அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லையாம். தலைமையாசிரியை ஒரு கருங்கல்லை எடுத்து, நான்கே அடியில் பூட்டை உடைத்தார். அக்கா மகள்தான் முதலில் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் பதினொரு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

அந்த வாரமே வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, உடைந்த பூட்டுக்காக. பள்ளி வந்து நின்றதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தலைமையாசிரியை கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார்.