யாரும் எழாத பெயர்

பிறப்புப் பதிவு மேசைக்காரர் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். குழந்தையின் பெயர் என்ற கட்டம் மட்டும் காலி.

"இன்னைக்காவது முடிவு பண்ணுங்க சார். மூணாவது தடவ வர்றீங்க."

என் மனைவியின் அம்மா பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மகள் பிறந்து மூன்று மாதம். ஒன்பதாம் நாள் காய்ச்சலில் என் மனைவி போய்விட்டாள். அத்தைக்குத் தன் மகள் பெயரையே பேத்திக்கு வைக்க வேண்டும். என்னிடம் இருந்தது மனைவி ஏழாம் மாதக் கர்ப்பத்தில் வேலை முடிந்து வந்து சொன்ன பெயர்: லேயினா. எங்கே பிடித்தாய் என்றால் சிரித்தாள். பிறகு சொல்கிறேன் என்றாள். நான் தேடிப் பார்த்தேன். எந்த மொழியிலும் பொருள் கிடைக்கவில்லை. பொருளே இல்லாத ஒன்றுக்காக, மகளை இழந்தவரிடம் எப்படி வாதாடுவது? பேனாவைத் திறந்தேன்.

"என்ன பேரு தம்பி போடுறீங்க?"

மனைவி வேலை பார்த்த டோக்கன் கவுண்டர் இதே மருத்துவமனைக் கூடத்தில்தான். அவளோடு உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்திருந்தார். மனைவியின் பெயரைச் சொன்னேன்.

"அப்ப லேயினா?"

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"எனக்குத் தெரியாமயா! எங்க கவுண்டர்ல ஒரு பேரக் கூப்பிட்டா நாலு பேரு எழுந்து வந்து சண்ட போடுவாங்க. 'எம் பொண்ணக் கூப்பிட்டா அவ மட்டும் எழுந்திருக்கணும்க்கா'ன்னு ரெண்டு வாரம் உக்காந்து பேரு செஞ்சா. உதடு ஒட்டக் கூடாது, தொண்ட வலிக்கக் கூடாது, கடைசியில நீட்டிக் கூப்பிட வரணும். செஞ்சத மைக்குல கூப்பிட்டுப் பார்ப்பா. ஒருத்தர் எழுந்தாலும் அந்தப் பேர அடிச்சிடுவா. ஒரு பேருக்குக் காது கேக்காத தாத்தா எழுந்து வந்துட்டாரு. அதுவும் போச்சு. லேயினாவ மூணு தடவ கூப்பிட்டா. ஒருத்தரும் அசையல. 'காலியா இருக்குக்கா, எடுத்துக்கறேன்'னா."

மூன்று மாதமாக அவளைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றும் வந்ததில்லை. இன்று வந்தது. அக்காவை நோக்கிக் கைகூப்ப நினைத்தேன். கையில் பேனா இருந்தது.

தட்டுவதை நிறுத்தியிருந்த அத்தை கேட்டார். "நான் அவளுக்கு வெச்ச பேருக்கு எத்தன பேரு எழுந்திருப்பாங்க?"

"ஒரு நாளைக்கு அஞ்சு பேராவது இருப்பாங்கம்மா."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எழுதுங்க மாப்ள. என் வாயில நுழைய நாலு நாள் ஆகும். நீங்க எழுதுங்க."

எழுதினேன்.

நிமிர்ந்தபோது அத்தை குழந்தையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். "லே" என்றார். நிறுத்தினார். குழந்தை அடுத்த எழுத்துக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.