கூரைமேல் ஒரு தொட்டில்

கண்ணாடியில் அந்த பைக் இன்னும் இருக்கிறது, பனிக்குள் மங்கிய மஞ்சள் பொட்டாக அதன் விளக்கு, விளக்குக்குப் பின்னால் தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள், அவனுக்கு முன்னால் டேங்கின் மேல் குல்லா போட்ட குழந்தை, அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு பெண், வளைவு வந்தால் மறைகிறார்கள், கார் நிமிர்ந்ததும் மறுபடி கண்ணாடிக்குள் வந்துவிடுகிறார்கள், முன்னே போங்கள் என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டி ஆட்டித் தோள் வலிக்கிறது, போக மாட்டேன் என்கிறான், பனியில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே மலையேறுவது இந்தப் பக்கத்து வழக்கம், பாதை தெரியும், யானை நின்றாலும் முன்னால் போகிறவனுக்குத்தான் முதலில் தெரியும், அவனுக்கு அது தைரியம், எனக்கோ அதுதான் பயம், ஏனென்றால் என் தலைக்கு மேலே, கார்க் கூரைக்கும் மேலே, இரண்டு குறுக்குக் கம்பிகளின் மீது, ஒரு தேக்குத் தொட்டில் உட்கார்ந்திருக்கிறது.

நாளைக் காலை வால்பாறையில் என் தங்கை சௌந்தரியின் மகளுக்குத் தொட்டில் போடுகிறார்கள், இந்தப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போய், மூன்றாவதாக இவள் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, மூச்சு விடுகிறாளா என்று நாங்கள் எல்லோரும் எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த பிள்ளை, தாய்மாமன் சீராகத் தொட்டில் நான்தான் கொண்டுபோக வேண்டும், லாரியில் போட்டு அனுப்பினால் என்ன என்று கேட்டேன், சௌந்தரி போனில், அண்ணா, நீயே கொண்டாந்து எறக்கோணும், வேற யாரும் தொடக்கூடாது என்றாள், அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல என்னால் முடியாது, காருக்குள் தொட்டில் நுழையாது, ஆக கேரியர்தான், கேரியர் என்ற சொல்லே எனக்கு ஆகாது.

ஏனென்றால் அப்பாவின் அம்பாசிடர், அதன் கூரை ஓரத்து மழைநீர்க் காடியில் கொக்கி மாட்டி இறுக்கிய இரும்புக் கேரியர், அதன் மேல் படுக்கவைத்த அத்தையின் கல்யாண பீரோ, சின்னப் பையனாக நான் பின்சீட்டில் முழங்காலிட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வருகிறேன், காங்கேயம் ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களுக்குப் பின்னாலேயே வருகிறார், காற்றுக்கு மறைவாக இருக்குமென்று வருகிறார், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், தேங்காய்நார்க் கயிறு அறுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, பீரோ மட்டும் கண்ணாடிக்குக் குறுக்கே இறங்குகிறது, அப்புறம் ரோடு முழுக்கப் பீரோக் கண்ணாடியின் சில்லு, சைக்கிள்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போனார் என்று அம்மா சொல்வாள், நானும் அதைப் பார்த்தேன், ஆனால் கனவில் அவர் எழுந்திருப்பதில்லை, இத்தனை வருடத்தில் ஒரு கனவிலாவது அவர் எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்கிறேன், சில்லு ஒவ்வொன்றிலும் அவர் முகம் தெரிகிறது, ஒரு முகமும் அசையவில்லை, அப்பா அதற்குப் பிறகு கூரையில் ஒரு பாயைக்கூட ஏற்றியதில்லை.

அதனால்தான் போன வாரம் பொள்ளாச்சியில் பெனிட்டா அக்காவின் கடையில் நான் அப்படிக் கேள்வி கேட்டுத் துளைத்தேன், கார் சாமான் விற்பதில் அந்த அம்மாளுக்கு இருபது வருடப் பழக்கம், என் காரின் கூரையில் நீளவாக்கில் ஓடுகிற கம்பியைக் காட்டி, இதில் கட்டிவிடலாமா என்றேன், இதுங்களா, இது அழகுக்கு ஒட்டுனதுங்க சார், துணி காயப்போடக்கூட ஆகாது என்று சிரித்தார், மூடி போட்ட பெட்டி காட்டினார், அதில் தொட்டில் அடங்காது, கூடை மாதிரி வளைந்த கேரியர் காட்டினார், அதன் கனமே பாதி, வண்டிக் கூரை தாங்குகிற எடைக்குள் கேரியரின் எடையும் சேர்த்தி என்றார், கடைசியில் கதவுச் சட்டத்தில் கவ்விப் பிடிக்கிற நாலு கால், குறுக்கே இரண்டு அலுமினியக் கம்பி, இதுதான் என்று முடிவானது, ஒரு பக்கத்தை ஒரேயடியாக இறுக்காமல் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகினார், கொஞ்ச தூரம் ஓட்டினதும் நிறுத்தி மறுபடி திருகிப் பாருங்க, மேல துணி கிணி போத்தாதீங்க, காத்து புடிச்சுக்கும் என்றார், கழன்றுவிட்டால், பெல்ட் அறுந்தால், பின்னால் யாராவது வந்தால் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், ஏனுங்க சார், பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இத்தன கேள்வி கேட்டிருக்க மாட்டீங்களாட்ட இருக்குது என்று பக்கத்தில் நின்ற என் மனைவி வசுமதியைப் பார்த்துக் கண்ணடித்தார், அப்பக் கேட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பனுங்க்கா என்றாள் வசுமதி, இருவரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, தொட்டில கவுத்துக் கட்டுங்க, கால் மேல இருக்கோணும், அப்பத்தான் அசையாது என்று பெனிட்டா சொன்னதும் வசுமதியின் சிரிப்பும் நின்றுவிட்டது, தொட்டிலக் கவுக்கறதா, ஐயோ, சௌந்தரிக்கு இருக்கற நெலமைல அந்தப் பேச்சே வேண்டாமுங்க என்றாள்.

அதனால் நிமிர்த்தியே கட்டினேன், நாலு பெல்ட், ஆடும் பகுதியைக் காலோடு சேர்த்துத் தனியாக இரண்டு பெல்ட், இன்று தாராபுரத்து வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து நிறுத்தி நிறுத்தித் திருகிப் பார்க்கிறேன், கீழே நின்றால் தொட்டிலின் உள்ளே தெரியாது, கம்பியும் காலும் பெல்ட்டும்தான் தெரியும், எல்லாம் இரும்பு மாதிரி நிற்கின்றன, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயும்பாங்க, நீங்க பேயக் கெளப்பாம உடமாட்டீங்களாட்ட இருக்குது என்று வசுமதி சலித்துக்கொள்கிறாள், ஆனால் அவளும் நிம்மதியாக இல்லை, ஆழியாறு தாண்டியதிலிருந்து முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள், செக்போஸ்டில் வனக்காவலர் அண்ணாந்து பார்த்து, என்னங்க, காலித் தொட்டிலா என்று கேட்டபோது, காலியில்லீங்க என்று வெடுக்கென்று சொன்னாள், காருக்குள் இருக்கும் சீர்ச் சாமானைச் சொல்கிறாள் என்று நினைத்தேன், பயத்தில் இருப்பவனுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதில்லை.

முதல் வளைவிலேயே அந்தச் சத்தம் ஆரம்பித்தது, டொக், இடது பக்கம் திரும்பினால் வலது பக்கத்தில் டொக், வலது பக்கம் திரும்பினால் இடது பக்கத்தில் டொக், கூரைக்கு மேலே யாரோ புரண்டு புரண்டு படுப்பது போல, என்ன சத்தம் அது என்றேன், எனக்கொண்ணும் கேக்கலீங்க என்றாள் வசுமதி, ஓரங்கட்டி இறங்கினேன், பைக்கும் பின்னால் நின்றது, கம்பியைப் பிடித்து உலுக்கினேன், கார்தான் ஆடியது, கம்பி ஆடவில்லை, நீங்க முன்னால போங்க, மேல பாரம் இருக்கு என்று பைக்காரனிடம் சொன்னேன், பரவால்ல சார், பனி, உங்க லைட்டு இருந்தா எங்களுக்கு ஒத்தாச, எஸ்டேட்டு வரைக்கும்தான் என்றான், அவன் மனைவி தொட்டிலை அண்ணாந்து பார்த்து, யாருக்கு சார், பேத்தியா என்றாள், தங்கச்சி மகளுக்கு என்றேன், நல்லாருக்கட்டும் என்று சொல்லித் தன் குழந்தையின் குல்லாவை இழுத்துவிட்டாள், சைக்கிள்காரரும் அப்படித்தான் சிரித்தார், நான் ஓடிவந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

டொக், அம்பாசிடர் ஏறுகிறது, டொக், அப்பா ஓட்டுகிறார், இல்லை நான்தான் ஓட்டுகிறேன், பின்சீட்டில் முழங்காலிட்டு யாரோ ஒரு பையன் பின்னால் பார்த்துக்கொண்டு வருகிறான், அவனிடம் கேட்கலாம் போலிருக்கிறது, கயிறு இருக்கிறதாடா, பனி கண்ணாடியில் நீராக வழிகிறது, தேயிலைச் சரிவா பள்ளமா என்று தெரியவில்லை, அப்போது ஒரு வளைவில் டொக் என்று வராமல் படார் என்று வந்தது, விறகை முறித்தது போல, அப்புறம் ஒன்றுமில்லை, அடுத்த வளைவில் ஒன்றுமில்லை, அதற்கடுத்த வளைவிலும் ஒன்றுமில்லை, சத்தம் நின்றுவிட்டது வசு என்றேன், எனக்கு அத்தனை ஆறுதல், கண்ணாடியைப் பார்த்தேன், கார் நிமிர்ந்து நேராகப் போகிறது, கண்ணாடியில் பனி மட்டும் இருந்தது.

பைக் வரவில்லை. வசுமதி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், என்ன, என்ன சொல்லு என்றேன், நீங்க திட்டுவீங்க என்று அழுதாள், சொல்லுடி என்று கத்தினேன், குழவிய வெச்சனுங்க, அம்மிக் குழவிய, நீங்க ஊட்டப் பூட்டப் போனப்ப நாற்காலி போட்டு ஏறி, வெள்ளத்துணியில சுத்தித் தொட்டில்ல படுக்கப்போட்டுட்டனுங்க, காலித் தொட்டில் ஆடுனாப் புள்ளைக்கு ஆகாது, இத்தன தூரம் மலை மேல ஆடிக்கிட்டே வருமே, அவ புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, தொட்டில் போடறப்ப மொதல்ல குழவியத்தான போடுவோம், கல்லாட்டம் கெடக்கோணும்னு, அதான் இப்பவே போட்டேன் என்றாள், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று மற்ற நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன், எங்கள் வீட்டு அம்மிக் குழவியை ஒரு கையால் தூக்க முடியாது, அது இந்த உயரத்திலிருந்து, பின்னால் வருகிறவன் மேல், டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கிற குல்லாவின் மேல்.

இறங்கிக் கதவுப் படியில் ஏறிப் பார்த்தேன், குறுக்குக் கம்பிகள் அசையவில்லை, கதவுச் சட்டத்தைக் கவ்விய கால்கள் அசையவில்லை, பெல்ட் எல்லாம் விறைப்பாக இருந்தன, தொட்டிலின் பக்கச் சட்டத்தில் மூன்று குச்சிகள் மட்டும் வெளிப்பக்கமாக முறிந்திருந்தன, ஒன்றில் வெள்ளைத் துணியின் நூல் சிக்கியிருந்தது, நான் திருகித் திருகிப் பார்த்ததெல்லாம் சரியாகவே இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, எப்படி வண்டியைத் திருப்பினேன் என்று நினைவில்லை, இறக்கத்தில் ஊர்ந்து போகிறேன், ரோட்டில் கிடப்பவர்கள் மேல் நானே ஏற்றிவிடுவேனோ என்று தலையை வெளியே நீட்டிக்கொண்டு போகிறேன், சாமி, சாமி என்று வசுமதி முனகுகிறாள், எந்தச் சாமி என்று அவளுக்கும் தெரியாது, அந்த வளைவு வந்தது, பைக் சாய்ந்து கிடந்தது, விளக்கு எரிந்துகொண்டே தரையைப் பார்த்தது, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு செருப்பு, சைக்கிள்காரர், எழுந்திருங்கள், இந்த ஒரு முறை எழுந்திருங்கள் என்று நான் வாய்விட்டே சொன்னேன்.

தடுப்புச் சுவரின் கீழே அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் வெள்ளைத் துணி சுற்றிய ஒன்று, அதை மார்போடு அணைத்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள், என் கால்கள் நின்றுவிட்டன, அப்புறம்தான் அவளுக்குப் பின்னால் ஆள் தெரிந்தான், அவன் காலைப் பிடித்துக்கொண்டு குல்லா நின்றது, குல்லா நின்றது, அழவில்லை, விரலைச் சப்பிக்கொண்டு நின்றது, நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன், சார், உங்க தொட்டில்லருந்து புள்ள விழுந்துச்சு சார் என்றான் அவன், வெள்ளத் துணியோட உருண்டு வந்து எங்க முன்னாடி விழுந்துச்சு, நான் பிரேக்கப் போட்டேன், வண்டி சாஞ்சிருச்சு, எழுந்திரிக்கறதுக்குள்ள இவ ஓடிட்டா, தூக்குனதுமே கல்லுன்னு தெரிஞ்சிருச்சு, ஆனா கீழ வெக்க மாட்டேங்குறா சார், மரகதம், குடுத்துரு, அவங்க வந்துட்டாங்க பாரு.

மரகதம் என்னைப் பார்க்கவில்லை, வசுமதியைத்தான் பார்த்தாள், முழங்கையில் தோல் உரிந்து ரத்தம், புள்ள எங்க என்றாள், இதில்லாம வேற புள்ள இருந்துச்சா, நெசமாச் சொல்லுங்க என்றாள், மேல வால்பாறையில அம்மா மடியில இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க என்று வசுமதி அவள் முன்னால் முழங்காலிட்டு அழுதாள், மரகதம் கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துவிட்டு, குனிந்து, துணியை ஒழுங்குபடுத்தி, தலயப் புடிச்சுக்கங்கம்மா என்று சொல்லிக் கொடுத்தாள், வசுமதியும் இரண்டு கையாலும் அப்படியே வாங்கினாள், யாரும் சிரிக்கவில்லை, நான் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டேன், விடுங்க சார், விழுந்தது ரோட்டுலதான என்றான், அவன் கையும் என் கை மாதிரியே சில்லிட்டிருந்தது.

கவுத்துக் கட்டீருங்க என்றாள் வசுமதி, எனக்குச் சரியாகக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன், கவுத்துக் கட்டுங்க, ஒண்ணும் ஆவாது, சௌந்தரிகிட்ட நான் சொல்லிக்கறேன் என்றாள், அந்த ஆளும் நானும் தொட்டிலை இறக்கிக் கவிழ்த்து ஏற்றினோம், நாலு காலும் வானத்தைப் பார்த்தன, பெல்ட்டை அவனே இறுக்கினான், இப்ப நீங்க முன்னால போறீங்களா என்று கேட்டேன், அவன் மனைவியைப் பார்த்தான், அவள் பனியைப் பார்த்தாள், நீங்களே போங்க சார் என்றான்.

வண்டி நகர்ந்தது, கூரையில் ஒரு சத்தமும் இல்லை, பின்சீட்டில் வசுமதி மடியில் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வளைவு கழிந்து கார் நிமிர்ந்தது, கண்ணாடியில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது, துண்டு கட்டிய தலை வந்தது, டேங்கின் மேல் யாருமில்லை, பிரேக்கில் கால் வைத்துவிட்டேன், அப்புறம் தெரிந்தது, குழந்தை அவர்கள் இருவருக்கும் நடுவில், புடவைத் தலைப்புக்குள், குல்லாவின் நுனி மட்டும் வெளியே தெரிய, மரகதம் இரண்டு கையாலும் அதை இறுக்கிக்கொண்டிருந்தாள், நான் கையை வெளியே நீட்டவில்லை, பின்விளக்கு அவர்களுக்குத் தெரிகிற தூரத்திலேயே மெதுவாக ஏறிக்கொண்டிருந்தேன்.