யாதொரு பின்தொடர்ச்சியும்

"வீட்ட ஒப்படைச்சியளா, இல்ல வாயால சொன்னதோட சரியா?"

மில்லர்புரத்தில் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கியிருந்த வக்கீல் செல்வதுரை இரண்டாம் முறையாகக் கேட்டார். எதிரே அமர்ந்திருந்த ஈஸா தோள் துண்டைச் சரிசெய்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த இளைய மகள் நுஸ்ரத் வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். ஹிபாவுக்கு, அதாவது முஸ்லிம்கள் கொடுக்கும் தானத்துக்கு, பத்திரம் கட்டாயமில்லை. கொடுத்தேன் என்று ஒருவர் சொல்லி, மற்றவர் ஏற்று, சொத்தும் கைமாறினால் போதும். கைமாறாவிட்டால் தானம் நிறைவேறவில்லை. "பட்டா, வீட்டு வரி எல்லாம் இன்னும் உங்க பேர்லதான் இருக்கு, அண்ணாச்சி. ஒப்படைக்கலன்னு சொன்னா வீடு உங்க வீடு. சின்ன மகளுக்கு உடனே செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிரலாம். ஒப்படைச்சேன்னு சொன்னா அது இறந்துபோன மூத்த மகளோட சொத்து. பிள்ளை இல்லாததால பாதி அவ புருசனுக்கு, பாதி உங்களுக்கு."

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். மூத்தவள் குல்சுமின் நிக்காஹின்போது ஈஸாவிடம் இருந்தது ஒரே வீடு. இளையவளுக்கு இன்னொன்று கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். கொழும்பு வியாபாரம் நொடித்துப்போய் அது நடக்கவில்லை. நுஸ்ரத் வாடகை வீட்டிலேயே இருந்தாள். அவள் கணவன் வெளிநாட்டில், தம்மாமில், வேலை பார்த்தான். இப்போது அவள் மகள் பாஹிமாவுக்கு நிக்காஹ் பேசியிருக்கிறது. மாப்பிள்ளை வந்து இருக்க வீடு வேண்டும். ஈஸாவின் மனைவி முன்பே இறந்துவிட்டாள். குல்சும் போன மழைக்காலத்தில் இறந்தாள். அந்த வீட்டில் இப்போது ஈஸாவும் மருமகன் அம்ஜதும் மட்டும்தான், இரண்டு ஆண்கள், ஆளுக்கொரு மூலையில்.

ஈஸாவுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. நிக்காஹுக்கு மறுநாள் காலை, சொந்தக்காரர்கள் முன்னால், "இந்த வீட்ட உனக்கு ஹிபாவா கொடுத்துட்டேன்மா" என்று சாவிக்கொத்தை குல்சுமின் மருதாணிக் கையில் வைத்தார். "கபூல், வாப்பா" என்று அவள் ஏற்றுக்கொண்டாள். அன்றே அவரும் மனைவியும் பெரிய அறையைக் காலி செய்து பின்கட்டுக்குப் போனார்கள். பின்னொரு நாள் கொல்லையில் முருங்கை சாய்ந்தபோது, வெட்டலாமா என்று மகளிடம்தான் கேட்டார். "இதெல்லாம் எங்கிட்டயா கேக்கணும் வாப்பா?" என்று அவள் சிரித்தாள். "உன் மரம்லா" என்றார்.

"ஒப்படைச்சேன்," என்றார் ஈஸா.

இருவரும் ஊர் திரும்பத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். ஆத்தூர்ப் பாலத்தில் பஸ் ஏறும்போதுதான், நுஸ்ரத் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"மௌத்தாப் போனவளுக்கு வீடு எதுக்கு வாப்பா?"

ஈஸா முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உயிரோட இருந்தா அவகிட்ட கேட்டு வாங்கியிருப்பேன். இப்ப கேக்க முடியாதே. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற."

"எம்பிள்ளை தெருவுல நிக்குதாளே. அது உங்களுக்குத் தெரியலயா?"

ஈஸா வெளியே பார்த்தார். இரு பக்கமும் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, பாதி வீடு உன்னுடையது என்று அம்ஜதிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. பாஹிமாவைப் பற்றிப் பேசினால் அது கேட்பதாக ஆகிவிடும் என்று நாக்கை அடக்கிக்கொண்டார். அம்ஜத் தலையை மட்டும் ஆட்டினான். ஆறுமுகநேரியில் உப்பு மூட்டை போடும் கொட்டகையில் அவனுக்கு வேலை. மறுநாளும் வழக்கம்போலப் போனான், வந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பும் வழியில் அவனாகவே பேச்சை எடுத்தான்.

"மாமா, என் பங்க உங்க பேருக்கே விட்டுக்கொடுத்திருதேன். பிள்ளைக்கு நிக்காஹ் நடக்கட்டும். நான் எங்க லாத்தா வீட்டுக்குப் போயிருதேன், கூடப்பொறந்தவதானே."

"நான் உன்னயப் போகச் சொல்லல, அம்ஜது."

"தெரியும் மாமா. நீங்க சொல்ல மாட்டிய."

சார்பதிவாளர் அலுவலக வாசலில், வேப்பமரத்தடி பெஞ்சில், பத்திர எழுத்தர் சிவனாண்டி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். ஆண்டுக்கணக்கில் வாசித்த வாய், நிறுத்தாமல் ஓடியது. "...ஆகவே மேற்படி சொத்தில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்று..."

"கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றான் அம்ஜத். "பின்தொடர்ச்சின்னா என்னது?"

"அந்த வீட்டோட உங்களுக்கும் உங்க வாரிசுகளுக்கும் இனிமே ஒரு தொடர்பும் இல்லன்னு அர்த்தம்."

"வாரிசு எனக்கு இல்ல." அம்ஜத் தரையைப் பார்த்தான். "தொடர்பு இருக்கே. இருபது வருசத்துக்கு மேல அங்கனதான இருந்தேன். அவ உசுரு போனதும் அங்கனதான். உரிமை இல்லன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். அந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்திருங்க."

"எடுக்கக் கூடாது தம்பி. எல்லாப் பத்திரத்துலயும் உள்ளதுதான். அது இல்லன்னா பின்னால வில்லங்கம்."

சற்றுத் தள்ளி நின்ற நுஸ்ரத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மச்சான்," என்றாள். லாத்தா குல்சும் இறந்தபின் அவள் அவனோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.  பிறகு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே அவர்களுடைய டோக்கன் எண்ணை அழைத்தார்கள். ஈஸா அம்ஜதைப் பார்த்தார். "வேண்டாம்னா வேண்டாம். எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

அம்ஜத் எழுந்தான். ஆனால் உள்ளே நடந்தான்.

கையெழுத்து போட்டான். கேமரா முன்னால் உட்கார்ந்தான். விரல்ரேகை எடுக்கும் கருவியில்தான் தடங்கல். கட்டை விரலை வைத்தால் சிவப்பு விளக்கே எரிந்தது. உப்பு அரித்த விரல். ரேகைகள் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தன. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அலுத்துக்கொண்டாள். "ஈரம் இல்லாமத் தொடைச்சிட்டு நல்லா அழுத்தி வைங்க."

அம்ஜத் சட்டையில் துடைக்கப் போனான். அதற்குள் ஈஸா குனிந்து அவன் கையைப் பிடித்தார். தோள் துண்டின் முனையால் அந்தக் கட்டை விரலை, அழுக்கே இல்லாத இடத்தையும், மெல்ல மெல்லத் துடைத்தார். கருவியின் கண்ணாடி வெளிச்சத்தோடு காத்திருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.