ஏலத்துக்கு வந்த சிவப்பு நாற்காலி

சலூன்காரருக்கு அந்தச் சிவப்பு நாற்காலியின் மேல் காதல் வந்து மூன்று நாள் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் போட்டோவைக்கூட அவர் இத்தனை தடவை எடுத்துப் பார்த்ததில்லை. இணைய ஏலத் தளத்தில் அதைக் கண்டதிலிருந்து கத்தரிக்கோல் ஒரு கையில், போன் ஒரு கையில் என்றுதான் பிழைப்பு ஓடியது. வாடிக்கையாளர்களின் காதுகள் தப்பியது அவரவர் அதிர்ஷ்டம்.

நாற்காலி அவருக்கல்ல, மனைவிக்கு. அவள் ஆறு மாதம் பயிற்சிக்குப் போய் முடிவெட்டவும் சவரம் செய்யவும் கற்று, சான்றிதழும் வாங்கி வந்துவிட்டாள். அந்தச் சான்றிதழ் ஒரு வருடமாக மேஜை இழுப்பறையில் பிளேடு பாக்கெட்டுகளோடு படுத்துக் கிடக்கிறது. "உனக்குன்னு ஒரு நாற்காலி வரட்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்பளைகள் அவளிடம் கழுத்தைக் கொடுப்பார்களா என்ற பயம் அவருக்கு. அதை வெளியே சொல்ல வாய் வராததால் பழியை நாற்காலியின் தலையில் போட்டிருந்தார். இந்தத் தடவையும் சாக்குச் சொன்னால் பக்கத்துத் தெரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடுவேன் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் ஏலத் தளத்தில் தேடத் தொடங்கினார்.

அன்று காலை எலக்ட்ரீஷியன் முகம் நிறைய சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் வழித்தாயிற்று. மறு கன்னத்தில் கத்தி வைக்கும் நேரத்தில் போன் கூவியது. நாற்காலி விற்பவனின் செய்தி.

"ஏலம் முடியற வரைக்கும் ஏன் சார் காத்திருக்கீங்க? தளத்துக்கு வெளியில நேரா என் கணக்குக்கு அனுப்பிடுங்க. பாதி விலைக்குத் தரேன். இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்கார், பத்து நிமிஷம்தான் டைம்."

சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கத்தியை மடக்கி வைத்துவிட்டு பணம் அனுப்பும் பக்கத்தைத் திறந்தார்.

"இந்தக் கன்னம் என்னாச்சு?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அது எங்க போயிடப் போகுது? நாற்காலிதான் போயிடும்."

பின்வாசல் திரையை விலக்கிக்கொண்டு மனைவி துடைப்பத்தோடு வந்தாள். "என்னங்க அவ்வளவு அவசரம்?"

அவர் செய்தியைப் படித்துக் காட்டினார். குரலில் அப்படியொரு பெருமை.

"வெளியில பணம் அனுப்பிட்டா, அப்புறம் பொருள் வரலன்னு தளத்துக்காரன்கிட்ட போய் அழ முடியுமா? இவன் இதுக்கு முன்னாடி யாருக்காவது எதையாவது வித்திருக்கானா?"

பார்த்தார். விற்றது பூஜ்யம். கணக்குத் தொடங்கி ஒன்பது நாள்.

"எல்லாரும் ஒரு நாள் புதுசுதானே?" என்று அவர் அந்த முகம் தெரியாதவனுக்காக வாதாடினார். சொந்த மாமனாருக்காகக்கூட அவர் இப்படி வாதாடியதில்லை.

"சரி. அந்தச் சீட்டு மேல ஒரு சீப்பை வச்சு, இப்பவே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

கேட்டார். பதில் உடனே வந்தது: "நம்பிக்கை இல்லன்னா விடுங்க சார். ஆறு நிமிஷம்."

"பாத்தியா, கோச்சுக்கிட்டான்! நீ முதல்ல அந்த நாற்காலியைப் பாரு. என்ன கம்பீரம்! நம்மளதும் இருக்கே, கிழட்டு எருமை மாதிரி. இதைப் பாத்தா உட்காரவே பயமா இருக்கும்."

மனைவி போனை வாங்கினாள். படத்தைப் பெரிதாக்கினாள். நாற்காலிக்குப் பின்னால் பச்சைச் சுவர், சுவரில் கண்ணாடி. கண்ணாடியின் மூலையில் ஒருத்தி குனிந்து தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். மீன் படம் போட்ட மேலங்கி.

அவள் தன் மேலங்கியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு பின்வாசல் திரையைக் காட்டினாள். இரண்டிலும் அதே மீன்கள். திரை தைத்து மிஞ்சிய துணியில் அவளே தைத்துக்கொண்ட மேலங்கி அது.

எலக்ட்ரீஷியன் நுரையோடு எட்டிப் பார்த்தார். "அட, இது நம்ம கடை! சுவர் பச்சையா இருந்தப்போ எடுத்தது. நாற்காலிக்கும் அப்போ சிவப்பு உறைதான். மேல தலைச்சாயம் கொட்டினப்புறம்தானே கறுப்பு மாத்தினீங்க?"

கடையின் இணையப் பக்கத்தில் சலூன்காரர் எப்போதோ ஆசையாகப் போட்ட படத்தை எவனோ அப்படியே திருடி ஏலத்துக்கு விட்டிருந்தான். அவர் தன்னுடைய நாற்காலியைத் தானே காசு கொடுத்து வாங்க இருந்தார். பதினோரு வருடமாக அதன் முதுகுப்பக்கமே நின்று பழகியவருக்கு முன்பக்கம் பிடிபடவில்லை. முகத்தில் அசடு வழிந்தது. போன் இன்னொரு தடவை கூவியது: "ரெண்டு நிமிஷம் சார்."

மனைவி அந்த விளம்பரத்தைப் பற்றித் தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு போனை அவர் கையில் திணித்தாள்.

"நாற்காலி ஏமாத்து வேலை. அது போகட்டும்" என்றாள். "மூணு நாளா ராத்திரி பகலா பாத்தீங்களே. அதுல நான் இருக்கறது தெரியவே இல்லையா?"

 அவள் திட்டியிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"யாராவது இந்தக் கன்னத்தைப் பாருங்கப்பா, காய்ஞ்சு இழுக்குது" என்றார் எலக்ட்ரீஷியன்.

சலூன்காரர் கத்தியை எடுத்தார். புது பிளேடு மாட்டினார். அதை மனைவியிடம் நீட்டிவிட்டு, அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்.

எலக்ட்ரீஷியன் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

அவள் வழிக்கத் தொடங்கினாள். சலூன்காரர் குனிந்து பெருக்கினார். நாற்காலிக்கு அடியில் தலை போனபோது மனைவியின் குரல் மேலிருந்து வந்தது.

"மூலையில விட்டுட்டீங்க."